ஜீப் நோட்டில் இருந்த பெயர்

உங்களுக்கெல்லாம் அடையாள அட்டை வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். தாலுகா நிருபர்களுக்கும் அட்டை வேண்டும் என்று மனு எழுதி எழுதியே என் காலத்து ஆட்களில் பாதிப் பேர் ஓய்ந்துபோனோம். அந்த மனுக்களில் பல என் ஜெராக்ஸ் கடையில்தான் டைப் ஆகின. நான் அடித்த மனு எனக்குப் பலிக்கவில்லை, உங்களுக்குப் பலித்திருக்கிறது. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. அதைவிடச் சந்தோஷம் அதிகம். ஒரு நாள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பாருங்கள், வீட்டில் இருப்பவர்கள் சிரித்து முடிக்கட்டும். அப்புறம் வேலைக்குப் போங்கள்.

பயிற்சி முகாமுக்கு வந்து பேசச் சொன்னீர்கள். மைக்கைப் பிடித்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மற்றவர்கள் பேசுவதைக் குறித்துக்கொண்டே காலம் போனதால், நாம் பேச வேண்டும் என்றால் வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. போடி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டு, மதுரையிலிருந்து வரும் ஒரு நாளிதழுக்கு இருபத்தெட்டு வருஷம் பகுதி நேர நிருபராக இருந்தேன். ஊரில் எனக்கு 'ரிப்போர்ட்டர் பாய்' என்று பெயர். பயிற்சி என்பது எங்களுக்கு வருஷத்துக்கு ஒரு நாள். கடையைப் பூட்டிவிட்டு மதுரைக்குப் போவோம். தலைப்பு எப்படி வைப்பது, போனில் வீடியோ எப்படி எடுப்பது என்று சொல்லித் தருவார்கள், நல்ல சாப்பாடு போடுவார்கள், குரூப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார்கள். குறை சொல்லவில்லை, வீடியோ எடுக்க அங்கேதான் படித்தேன். இப்போது பயிற்சி உங்கள் ஊருக்கே வருகிறது. வருகிறவர்களிடம் ஒன்று கேளுங்கள்: அடிபட்டவர் வீட்டுக் கதவை எப்படித் தட்டுவது என்று சொல்லித் தரச் சொல்லுங்கள். எனக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. ஐம்பத்திரண்டாவது வயதில், ராசிங்காபுரத்தில், ஒரு வீட்டு வாசலில் நின்று கற்றுக்கொண்டேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் என் தப்பு எங்கே தொடங்கியது என்று சொல்ல வேண்டும். தாலுகா நிருபர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு, உங்களிடமும் இருக்கும். ஒருவர் சம்பவ இடத்துக்குப் போனால் போதும், விவரத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார், மற்ற எல்லோரும் அதை எடுத்து அவரவர் பேப்பருக்கும் சேனலுக்கும் அனுப்புவார்கள். இன்றைக்கு நான் போனால் நாளைக்கு நீ போவாய். எங்களுக்குச் சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, எல்லோருக்கும் வேறு பிழைப்பு உண்டு, இந்தப் பழக்கம் இல்லாவிட்டால் யாரும் காலம் தள்ள முடியாது. ஆனால் இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. போனவர் தப்பாகப் போட்டால் எல்லோரும் தப்பாகப் போடுவார்கள். ஆறு பேப்பரில் ஒரே விவரம் வந்தால் படிக்கிறவர் அது உண்மை என்றுதான் நினைப்பார். சொன்னது ஒரே ஆள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது, ஜீப் நோட்டு. காலையில் ராசிங்காபுரம் பக்கமிருந்து பெண்கள் ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் மலை ஏறுகிறார்கள் அல்லவா? ஆள் சேர்த்து அனுப்பும் கங்காணியிடம் ஒரு நோட்டு இருக்கும். அதில் பெயர் இருக்கும் பெண்ணுக்கு ஜீப்பில் ஒரு இடம், தோட்டத்தில் ஒரு வேலை. நாலைந்து நாள் போகாவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். அதனால் காய்ச்சல், கல்யாணம் என்று எது வந்தாலும் தங்கையோ மருமகளோ அவள் பெயரில் ஏறிவிடுவாள். தோட்டத்தில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடும்போது வந்திருப்பவள் 'இருக்கேன்' என்பாள். கங்காணிக்கும் தெரியும், கணக்கப்பிள்ளைக்கும் தெரியும், யாரும் வாயைத் திறப்பதில்லை. எனக்கும் தெரியும். ஜெராக்ஸ் எடுக்க வரும் பெண்களே, "நேத்து நான் மாரியம்மாளாப் போனேன் பாய்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

இத்தனை தெரிந்த நான்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

ஐப்பசி மாதம், காலை ஏழரை மணி இருக்கும். மேலே ஒரு தோட்டத்துக்குப் பிரியும் மண்பாதையில் ஜீப் சறுக்கிக் கவிழ்ந்துவிட்டது என்று போன் வந்தது. உள்ளே பதினோரு பெண்கள். அடிபட்டவர்களை வேறு வண்டியில் ஏற்றிக் கீழே கொண்டு வந்துவிட்டார்கள் என்றும் சொன்னார்கள். கடை ஷட்டரை இறக்கிவிட்டு ஜீப் ஸ்டாண்டுக்கு ஓடினேன். கங்காணி வெளிறிப் போய் நின்றிருந்தார். கேட்டதும் நோட்டை நீட்டினார். அன்றைய பக்கத்தைப் போனில் படம் எடுத்தேன்.

"நாலாவது பேருக்குத்தேன் ரொம்ப மோசம் பாய். தலையில அடி. நெனவு இல்ல."

நாலாவது பெயர் பாண்டியம்மாள், ராசிங்காபுரம். அதைச் சொல்லும்போது கங்காணி என் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார். அதைக் கவனித்தேன். கவனித்தும், அவசரத்தில் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்டியலைக் குழுவில் போட்டேன், 'பாண்டியம்மாள் கவலைக்கிடம்' என்று ஒரு வரியும் சேர்த்தேன். எங்கள் பேப்பரின் இணையதளத்துக்கும் அதையே அனுப்பினேன். டீ சொல்லி, டீ வருவதற்குள் ஒரு சேனலில் அந்தப் பெயர் ஓட ஆரம்பித்துவிட்டது.

மதுரை டெஸ்கிலிருந்து போன் வந்தது. எங்கள் மாவட்டச் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்த உதவி ஆசிரியர் ஒரு பெண். என்னைவிட இருபது வயதாவது சின்னவர். அவர் பெயரை எழுத மாட்டேன், எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அவருடைய கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"பாண்டியம்மாளை யார் பார்த்தாங்க சார்?"

நோட்டில் இருக்கிறது, கங்காணி சொன்னார் என்றேன்.

"நோட்டு ஜீப்புல போகலையே சார். அவங்க வீட்டுல ஒருத்தர்கிட்டப் பேசிட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் பேர் இல்லாமப் போடறேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் செய்தியை வைத்துக்கொண்டு ஊரே பெயரோடு போட்டுவிட்டது, செய்தி கொடுத்த என் பேப்பரில் மட்டும் 'பெண் தொழிலாளி ஒருவர்' என்று வருமா? மதுரையில் ஃபேன் காற்றில் உட்கார்ந்துகொண்டு மலையில் நடப்பதைப் பற்றிப் பேசுவது சுலபம் என்று சொல்லிவிட்டேன். சொன்னது இன்றைக்கும் உறுத்துகிறது. அவர் கோபப்படவில்லை. "காத்து நல்லாத்தான் வருது சார், போயிட்டு வந்து சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

முனகிக்கொண்டே பைக்கை எடுத்தேன். எப்படியும் போட்டோ வாங்க அந்த வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கல்யாண ஆல்பத்திலிருந்தோ ரேஷன் கார்டிலிருந்தோ ஒரு முகத்தைப் படம் எடுத்து வருவது நம் வேலையில் ஒரு பகுதி, உங்களுக்குத் தெரியும். வழி கேட்டு ராசிங்காபுரத்தில் அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். தெருவில் ஆள் இல்லை, காட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். கதவைத் தட்டினேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் திறந்தார். கணுக்காலில் துணி சுற்றியிருந்தது.

பாண்டியம்மாள் வீடுதானே, அவர் போட்டோ ஒன்று வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார். ஜீப் கவிழ்ந்துவிட்டது, அவருக்குப் பலமான அடி என்று சொன்னேன். இவ்வளவு மொட்டையாகவா சொல்வது என்று கேட்பீர்கள். அவ்வளவு மொட்டையாகத்தான் சொன்னேன்.

அந்தப் பெண் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"நாந்தேன் பாண்டியம்மா."

அந்த நேரத்தில் அவர் கையிலிருந்த போன் அடித்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன். எனக்குக் கேட்கும் அளவுக்கு அழுதுகொண்டிருந்தான். அம்மாவின் குரலைக் கேட்டதும் அழுகை இன்னும் கூடிவிட்டது. "நா வீட்டுலதேன்டா இருக்கேன், நல்லாருக்கேன், பஸ் ஏறிறாத" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் பையன் தன் போனில் பார்த்தது நான் ஸ்டாண்டில் நின்று அனுப்பிய வரி. அந்த வாசலில் நான் பட்ட வெட்கத்தை எழுத வார்த்தை இல்லை.

போனை வைத்ததும் பாண்டியம்மாள் பக்கத்து வாசலைப் பார்த்தார். அது அவர் கொழுந்தன் வீடு. இவருக்குக் கால் சுளுக்கி நாலு நாளாகிறது, இடம் போய்விடக் கூடாது என்று ஓரகத்தி முத்துலட்சுமியை அனுப்பியிருக்கிறார். கொழுந்தன் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குள் போயிருக்கிறார். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவர் திடீரென்று நிறுத்தினார்.

"ஆசுபத்திரில ஊசி போடுவாகளா பாய்?"

போடாமல் இருப்பார்களா என்றேன்.

"அவளுக்கு ஒரு ஊசி சேராது. போன வருசம் புள்ளப்பேறுக்குப் போனப்ப போட்டாக, மேலெல்லாம் தடிச்சு மூச்சு முட்டி, பொழைக்க மாட்டான்னே நெனச்சோம். சீட்டுல செவப்பு மையில எழுதியிருக்காக. எம்பேரச் சொல்லிப் படுக்க வச்சிருந்தா அந்தச் சீட்ட யாரு தேடுவா?"

கூட வந்த பெண்களுக்கு அது முத்துலட்சுமி என்று தெரியும். ஆனால் நோட்டில் உள்ள பெயரைத்தான் சொல்லுவார்கள். இடம் போய்விடும் என்ற பயம். ஊசி விஷயம் அவர்களில் யாருக்கும் தெரியாது.

கங்காணிக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி நம்பர் அடித்துக்கொண்டே இருந்தது. குழுவில் நாலு பேருக்கு அடித்தேன், எல்லா லைனும் பிஸி, என் செய்தியைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள். அதற்குள் பாண்டியம்மாள் பக்கத்து வீட்டுத் தகரப் பெட்டியிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து வந்து பைக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டார். "வெரசாப் போங்க பாய்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை, அங்கே யாரும் தப்புச் செய்யவில்லை. தப்புச் செய்தது மறுபடியும் நான்தான். வாசலில் கூட்டம், கேட்டைப் பாதி சாத்தியிருந்தார்கள். காவலாளி என்னைக் கை காட்டி நிறுத்தினார். இத்தனை வருஷப் பழக்கம், என் வாயில் முதலில் வந்த வார்த்தை "பிரஸ்." அவர் கேட்டை முழுசாகச் சாத்திவிட்டார். பத்திரிகைக்காரர்களை விடக் கூடாது, அட்டை உள்ளவர்கள் மட்டும் அதிகாரி வந்த பிறகு போகலாம் என்று உத்தரவாம். உடனே எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தாலுகா நிருபருக்கு அட்டையே தருவதில்லை, அப்புறம் அட்டை கேட்டால் எப்படி என்று, எழுதிய மனுக்களையெல்லாம் அந்த மனிதரிடம் ஒப்பிக்க ஆரம்பித்தேன். ஒரு உயிர் உள்ளே கிடக்கிறது, நான் வெளியே நின்று என் உரிமையைப் பேசிக்கொண்டிருக்கிறேன். ஐந்து நிமிஷமாவது போயிருக்கும்.

பாண்டியம்மாள் பைக்கிலிருந்து இறங்கி நொண்டிக்கொண்டே வந்து என்னைத் தள்ளிவிட்டு முன்னால் நின்றார்.

"எங்க வீட்டுப் புள்ள உள்ள கெடக்கு. அவளுக்கு ஊசி சேராது. விடுங்கய்யா."

காவலாளி கேட்டைத் திறந்தது மட்டுமில்லை, அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிக்கொண்டு ஓடினார்.

நான் வெளியே நின்றேன். அவர் உள்ளே இருந்த அரை மணி நேரத்தில் உருப்படியாக ஒரு வேலை செய்தேன். 'பாண்டியம்மாள் என்று நான் போட்ட பெயர் தவறு. என் தவறு. தயவுசெய்து எடுத்துவிடுங்கள்' என்று குழுவில் எழுதினேன். சிலர் எடுத்தார்கள். சிலருடைய டெஸ்கில் கேட்கவில்லை, மறுநாள் பேப்பரிலும் அந்தப் பெயரே வந்தது. ஒரு நண்பர், இனிமேல் பாய் அனுப்பினால் ஒரு நாள் ஊறவைத்துத்தான் போட வேண்டும் என்று எழுதியிருந்தார். நியாயமான கிண்டல்.

பாண்டியம்மாள் வெளியே வந்தபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மருந்த மாத்திட்டாக பாய். அந்த நர்சம்மா அவ பேரச் சொன்னதும் பழைய பதிவத் தேடி எடுத்துருச்சு. அந்த ஊசியத்தேன் எழுதி வச்சிருந்தாகளாம். இன்னும் போடல."

ஊசி ஏதாவது ஒத்துக்காதா என்று அவர்கள் முன்பே கேட்டிருக்கிறார்கள், கூட இருந்தவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். அன்று மதியமே முத்துலட்சுமியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் கண் விழித்தார். கேட்ட அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

போகும்போது காவலாளி என்னிடம் வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். "நீங்க பிரஸ்ஸுன்னதும் எனக்கு ஆர்டர்தேன் ஞாபகம் வந்துச்சு அண்ணே. ஒரு உசுரு சோலியா வந்துருக்கேன்னு சொல்லிருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பேன்" என்றார். எனக்குக் கிடைத்த பயிற்சிகளில் அது முக்கியமானது. சாப்பாடு மட்டும் போடவில்லை. அப்புறம் அவர் ஓய்வு பெறும்வரை அந்த வாசலில் எனக்குத் தடை இருந்ததில்லை. நானும் போய் நின்றதும் என்ன காரியம் என்பதைத்தான் முதலில் சொல்வேன்.

இன்னொரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் கையில் அன்று பெரிய செய்தி இருந்தது. நோட்டில் ஒரு பெயர், ஜீப்பில் வேறு ஆள். வேறு யாரிடமும் இல்லாத செய்தி. பாண்டியம்மாள் அதை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், பதினோரு பேருடைய இடமும் போய்விடும் என்றார். நான் சரி என்று சொல்லவில்லை. மதுரைக்குப் போன் போட்டு நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன், காலையில் பேசியதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

"இன்னைக்கு எழுதினா அந்தப் பொம்பளைங்க மேலதான் சார் விழும். அவங்களே பேச வரட்டும். நமக்கு அவசரம் இல்லை."

இன்னொரு பேப்பர் முந்திக்கொண்டால் என்று கேட்டேன். முந்தட்டும் என்றார். அவருடைய மேலதிகாரிகளிடம் அவர் என்ன பேச்சு வாங்கியிருப்பார் என்று எனக்குத் தெரியும். ஒரு நாளும் என்னிடம் அதைச் சொன்னதில்லை. நான் தப்பில்லாமல் எழுதினேன் என்று ஊரில் எனக்கு இருக்கும் நல்ல பெயரில் பாதி அவருடையது. அவருக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்று அவரிடம் நேரில் சொல்லக் கூச்சப்பட்டேன், இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

காத்திருந்தோம். தை பிறந்ததும் பெண்கள் ஒருவர் இருவராகக் கடைக்கு வந்து பேச ஆரம்பித்தார்கள். விபத்தில் பயந்துபோன கங்காணியும், இனி ஏறுகிற ஆளின் பெயரைத்தான் எழுதுவது, வர முடியாதவளின் இடத்தை ஒரு மாதம் வைத்திருப்பது என்று அவர்களோடு பேசி முடித்திருந்தார். இனி எழுதினால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று ஆன பிறகு, பெயர்களை விட்டுவிட்டு ஜீப் பயணத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அனுப்புவதற்கு முதல் நாள், ஒரு பெண் கம்பை ஊன்றிக்கொண்டு கடைப் படி ஏறி வந்தார். ஏதோ ஜெராக்ஸ் என்று நினைத்தேன்.

"நீங்கதேன் அந்தப் பாயா? நாந்தேன் முத்துலட்சுமி."

நாற்காலியைப் போட்டேன். உட்காராமலே சொன்னார்.

"எல்லாப் பேப்பர்லயும் எங்க அக்கா பேருதேன் வந்துருக்கு. ஊருல அக்காவப் பாத்துத்தேன் பொழச்சு வந்தவங்கிறாக. ஜீப்புல விழுந்தது நானு. கால்ல கம்பி வச்சிருக்கது எனக்கு. இப்ப நோட்டுல எம்பேரு தனியா ஏறிருச்சு. பேப்பர்லயும் ஒரு தடவ எம்பேரப் போடுங்க."

ஊர் முழுக்கத் தப்பான பெயரைப் பரப்பியது நான்தான் என்று அவரிடம் சொன்னேன். தெரியும், அதனால்தான் உங்களிடம் வந்தேன் என்றார்.

மதுரைக்குப் போன் போட்டேன். அவரே கேட்டால் போடலாம், முதல் வரியிலேயே போடுங்கள் என்றார் அந்த அம்மா. அப்படியே கட்டுரை முத்துலட்சுமி என்ற பெயரில் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வந்ததும் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு ராசிங்காபுரத்துக்குப் போனேன். முத்துலட்சுமி முதல் வரியில் விரலை வைத்து நிதானமாகப் படித்தார். பாண்டியம்மாள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். படித்து முடித்தும் முத்துலட்சுமி விரலை எடுக்கவில்லை.

"இனிசியல் போடலயே பாய். நம்ம ஊருல ஏழு முத்துலட்சுமி இருக்காக."

அங்கேயே நின்று மதுரைக்குப் போன் போட்டேன். டெஸ்க் அம்மா சிரிக்கிற சத்தத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். இனிஷியலை யாரிடம் கேட்டீர்கள் சார் என்றார். சம்பந்தப்பட்டவரே பக்கத்தில் நிற்கிறார் என்று சொல்லி, போனை முத்துலட்சுமியிடம் கொடுத்தேன். மறுநாள் ஐந்தாம் பக்கத்தின் அடியில் இரண்டு வரியில் திருத்தம் வந்தது: செ. முத்துலட்சுமி, ராசிங்காபுரம். இருபத்தெட்டு வருஷத்தில் நான் சந்தோஷமாக அனுப்பிய திருத்தம் அது ஒன்றுதான்.